படம் ஓடி முடிந்த பிறகும் ரைடு ஓட வேண்டும்: தீம் பார்க்குகள் சினிமாவை நம்புவது எப்படி?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ நகரில் யூனிவர்சல் நிறுவனம் நடத்தும் 'ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சர்' பார்க்குக்கு 2009இல் சுமார் 46 லட்சம் பேர் வந்தார்கள் என்பது இத்துறையின் மதிப்பீடு. 2010 ஜூன் 18 அன்று அங்கே ஹாரி பாட்டர் பகுதி திறந்தது. 2011இல் வந்தவர்கள் சுமார் 76 லட்சம். இரண்டே ஆண்டில் 30 லட்சம் பேர் கூடிவிட்டார்கள்.

இத்தனைக்கும் அந்தப் பகுதியில் புதிதாகக் கட்டிய பெரிய ரைடு ஒன்றே ஒன்றுதான். மற்ற இரண்டும் அதே இடத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ரோலர் கோஸ்டர்கள். 1999இல் 'டூயலிங் டிராகன்ஸ்' என்ற பெயரில் வந்தது 'டிராகன் சேலஞ்ச்' ஆனது. 'ஃப்ளையிங் யூனிகார்ன்' என்ற சிறுவர் கோஸ்டர், கதையில் வரும் ஹிப்போகிரிஃப் என்ற விலங்கின் பெயரை எடுத்துக்கொண்டது. தண்டவாளம் மாறவில்லை. பெயரும் சுற்றியிருந்த அலங்காரமும்தான் மாறின. அப்படியானால் அந்த 30 லட்சம் பேரை இழுத்தது எது? தீம் பார்க் உலகம் இன்று சினிமாவின் மீது ஏன் இவ்வளவு சாய்ந்திருக்கிறது, அது எப்போது பலிக்கிறது, எப்போது கைவிடுகிறது என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

ஐ.பி. என்றால் என்ன?

பார்க் நடத்துபவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் 'ஐ.பி.' அறிவுசார் சொத்துரிமை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. மக்களுக்கு முன்பே தெரிந்த ஒரு கதை, அதன் பாத்திரங்கள், அது நடக்கும் உலகம், இவற்றைப் பயன்படுத்தும் உரிமை எல்லாம் சேர்ந்ததுதான் இங்கே ஐ.பி. சினிமா மட்டுமில்லை; காமிக்ஸ், வீடியோ கேம், பொம்மை எதுவும் ஐ.பி. ஆகலாம். ஆனாலும் பெரும்பங்கு படத்தொடர்களுக்குத்தான்.

இது புதிய பழக்கம் அல்ல. கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்த 1955லேயே பீட்டர் பான், ஸ்னோ ஒயிட் ரைடுகள் அங்கே இருந்தன. ஆனால் அந்தப் பார்க்கின் மிகப் புகழ்பெற்ற ரைடுகள் சிலவற்றுக்குப் பின்னால் படமே கிடையாது. 1967இல் வந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படகு ரைடு பார்க்குக்காகவே எழுதப்பட்டது. அந்த ரைடை வைத்துத்தான் 2003இல் படம் வந்தது. படம் ஓடியதும் 2006இல் அதன் நாயகன் ஜாக் ஸ்பாரோவைக் கொண்டுபோய் ரைடுக்குள் நிறுத்தினார்கள்.

திருப்புமுனை 1987. அந்த ஆண்டு டிஸ்னிலேண்டில் திறந்த 'ஸ்டார் டூர்ஸ்', டிஸ்னி தயாரிக்காத 'ஸ்டார் வார்ஸ்' படத்தொடரின் உரிமையை அதை எடுத்த லூகாஸ்ஃபிலிம் கம்பெனியிடம் பெற்று உருவாக்கியது. அது ஜெயித்தபின் அடுத்தவர் படத்தைக் கேட்டு வாங்குவதில் யாருக்கும் தயக்கம் இல்லாமல் போயிற்று. பிறகு கேட்டு வாங்குவதைவிடக் கம்பெனியையே வாங்கிவிடலாம் என்ற நிலை வந்தது. டிஸ்னி 2006இல் பிக்ஸாரையும் 2009இல் மார்வெலையும் 2012இல் சுமார் 400 கோடி டாலருக்கு லூகாஸ்ஃபிலிமையும் வாங்கியது.

பணம் எந்தப் பக்கம் பேசுகிறது?

பெரிய ரைடு என்பது நூற்றுக்கணக்கான கோடி ரூபாய்ச் சமாச்சாரம். ஜப்பானின் ஒசாகாவில் இருக்கும் யூனிவர்சல் பார்க், 2014இல் திறந்த ஹாரி பாட்டர் பகுதிக்குச் சுமார் 4,500 கோடி யென் செலவிட்டது. டோக்கியோ டிஸ்னிசீ 2024 ஜூனில் திறந்த 'ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ்' பகுதிக்கு ஆன செலவு சுமார் 32,000 கோடி யென். நான்கு ரைடுகளும் ஒரு ஹோட்டலும் அதில் அடக்கம். மூன்று டிஸ்னி படங்களை வைத்து உருவானது அந்தப் பகுதி முழுவதும்.

இந்த அளவு பணத்தைப் போடும் நிர்வாகம் முதலில் பார்ப்பது, இது என்ன என்று மக்களுக்குப் புரியவைக்க எவ்வளவு செலவாகும் என்பதைத்தான். புதுக்கதையோடு ஒரு ரைடைத் திறந்தால் பாத்திரங்கள் யார், எந்த ஊர், என்ன நடக்கிறது என்று விளம்பரத்திலேயே பாடம் நடத்த வேண்டும். தெரிந்த படத்தின் பெயரைச் சொன்னால் ஒரு வரி போதும். இரண்டாவது, கடை. சினிமா பெயர் உள்ள ரைடின் வெளிவாசல் ஏறக்குறைய எப்போதும் ஒரு கடைக்குள்தான் திறக்கும். சட்டை, பொம்மை, கோப்பை விற்கும் வருமானம் நுழைவுச் சீட்டுக்கு மேல் வருகிற வருமானம். மூன்றாவது, படக் கம்பெனியும் பார்க்கும் ஒரே முதலாளியிடம் இருந்தால் ஒன்றின் விளம்பரம் இன்னொன்றுக்கும் சேர்ந்தே நடக்கிறது.

இவை மூன்றும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் மூன்றுமே ஆளை வாசல் வரைக்கும் கொண்டுவரும் காரணங்கள். உள்ளே வந்தவர் மறுமுறை வருவாரா என்பதைப் படத்தின் வசூல் தீர்மானிப்பதில்லை. ஒரு படத்தின் சூடு இரண்டு மூன்று ஆண்டு. ரைடு இருபது, முப்பது ஆண்டு ஓட வேண்டும். 1990இல் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் ஃப்ளோரிடா திறந்தபோது வந்த 'இ.டி.' ரைடு இன்றும் ஓடுகிறது. படம் வந்தது 1982இல். பார்க்குக்கு எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி, கடந்த ஆண்டு எது ஓடியது என்ற கேள்வியிலிருந்து முற்றிலும் வேறானது.

நல்ல படம் வேறு, பார்க் ஆகும் படம் வேறு

ஹாரி பாட்டர் விஷயத்துக்குத் திரும்புவோம். அந்தப் பகுதிக்கு வந்தவர்கள் பலர் ரைடில் ஏறுவதற்கு முன்பே மணிக்கணக்காகத் தெருவில் நின்றார்கள். கூரையில் பனி படிந்த கடைகள், கோட்டை, பட்டர்பியர் என்ற பானம் விற்கும் வண்டி. கோக், பெப்சி அந்தத் தெருவில் கிடைக்காது. கதையின் உலகில் இல்லாத பொருள் அங்கே விற்கக்கூடாது என்பதில் உரிமை கொடுத்த தரப்பு உறுதியாக இருந்தது. படங்களுக்கு அரங்கம் வடிவமைத்த ஸ்டூவர்ட் கிரெய்க் பார்க்கின் வடிவமைப்பிலும் பங்கெடுத்தார். கடைகள் படத்தில் இருப்பதுபோலவே குறுகலாகக் கட்டப்பட்டன.

இந்தக் குறுகல் நடைமுறையில் பெரிய தொல்லை ஆயிற்று. மந்திரக்கோல் கடையின் சிறு நிகழ்ச்சிக்கு ஒரு தடவை இருபது சொச்சம் பேர்தான் உள்ளே போக முடிந்தது. வெளியே வெயிலில் நீளமான கியூ. கடைக்குள் நுழையவே வரிசை என்றால் விற்பனையும் போகிறது, மனசும் போகிறது. 2014 ஜூலை 8 அன்று பக்கத்துப் பார்க்கில் இரண்டாவது ஹாரி பாட்டர் பகுதியான 'டயகான் ஆலி' வந்தபோது இதைத் திருத்தினார்கள். அதே நிகழ்ச்சிக்குப் பல அறைகள் கட்டி, ஒரே நேரத்தில் நடத்தும்படி செய்தார்கள். அதோடு வாங்கிய மந்திரக்கோலைத் தெருவில் பயன்படுத்தவும் வழி வைத்தார்கள். கோலின் நுனி அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். கடை ஜன்னலுக்குள் ஒளிந்திருக்கும் கேமரா அந்த ஒளிப்புள்ளியின் அசைவைப் படித்து, சரியாக அசைத்தால் உள்ளே இருக்கும் பொம்மையை ஆடவைக்கும். எங்கே நிற்க வேண்டும், கையை எப்படி அசைக்க வேண்டும் என்பதைத் தரையில் பதித்த பித்தளைத் தகடு காட்டும். வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் காரணம், தகட்டை விட்டுத் தள்ளி நிற்பது அல்லது கோலை மிகப் பெரிதாக வீசுவது.

இரண்டு பகுதிகளையும் ஒரு ரயில் இணைக்கிறது. பார்வைக்கு நீராவி ரயில். உண்மையில் கேபிள் இழுக்கும் ரயில். இரண்டு ரயில்கள் எதிரெதிர்த் திசையில் புறப்பட்டு, பாதி வழியில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒன்றையொன்று கடக்கும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையும் காடும் திரையில் ஓடுபவை. ஒரு முனை ஒரு பார்க்கிலும் மறுமுனை இன்னொரு பார்க்கிலும் இருப்பதால், ரயிலில் ஏற இரண்டு பார்க்குகளுக்கும் சேர்ந்த சீட்டு வேண்டும். கதையில் இருந்த ஒரு பயணம் சீட்டு விற்பனையையே உயர்த்தும் கருவி ஆனது. இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒரு படத்தை எந்தப் பார்க்கும் பயன்படுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை.

இதிலிருந்து கிடைக்கும் அளவுகோல் எளிது. அந்தக் கதையில், கதாநாயகன் இல்லாமலும் போய்ப் பார்க்க ஆசைப்படும் ஓர் இடம் இருக்கிறதா? அங்கே சாப்பிட, கையில் எடுக்க, உடுத்திக்கொள்ள ஏதாவது உண்டா? வருகிறவருக்கு அங்கே ஒரு வேலை உண்டா, அல்லது வேடிக்கை மட்டும்தானா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் அது பார்க் ஆகும் கதை. வசனமும் நடிகர் முகமும் உணர்ச்சியும் மட்டுமே தூக்கி நிறுத்திய படம், எவ்வளவு சிறந்ததானாலும், பார்க்கில் தவிக்கும்.

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்தும் சாட்சி உண்டு. 1995இல் வந்த 'வாட்டர்வேர்ல்ட்' படம் அதன் பெருஞ்செலவுக்கு ஏற்ற வெற்றியைப் பெறவில்லை. அதே ஆண்டு யூனிவர்சல் ஹாலிவுட்டில் தொடங்கிய அதன் சண்டைக் காட்சி நிகழ்ச்சி முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் அதே நிகழ்ச்சி உண்டு. சிங்கப்பூரில் அதைப் பார்த்துக் கைதட்டும் கூட்டத்தில் படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? தண்ணீருக்கு நடுவே துருப்பிடித்த ஒரு கோட்டை, மோதும் படகுகள், வெடிக்கும் விமானம். இடம் இருந்தது, செயல் இருந்தது. படத்தின் பெயர் தேவைப்படவே இல்லை.

உரிமை: காகிதத்தில் தோற்றால் எதிலும் தோற்றதுதான்

படம் வேறு கம்பெனியுடையது என்றால் உரிம ஒப்பந்தம் போட வேண்டும். இதில் பார்க் பொதுவாக ஒரு முன்பணமோ குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையோ தரும். அதன் மேல் விற்பனையில் ராயல்டி. பணத்தைவிட மற்ற ஷரத்துகள்தான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும். எத்தனை ஆண்டு? எந்த நிலப்பரப்பில்? அந்தப் பரப்பில் வேறு யாருக்கும் தரக்கூடாதா? வண்ணம் முதல் பொம்மையின் விரல் வரை ஒவ்வொன்றுக்கும் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டுமா? நடிகரின் முகமும் குரலும் தனி உரிமை. பாத்திரத்தை வாங்கினால் முகம் சேர்ந்து வராது. இசையும் அப்படித்தான்.

நிலப்பரப்புக்கு மார்வெல் ஒப்பந்தத்தைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1994இல் மார்வெல் இன்னும் படமெடுத்துப் பெரிதாகாத காமிக்ஸ் கம்பெனி. அப்போது யூனிவர்சலின் தாய் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தப்படி, யூனிவர்சல் பயன்படுத்தும் மார்வெல் பாத்திரங்களை அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே வேறெந்தத் தீம் பார்க்கும் பயன்படுத்த முடியாது. 1999இல் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சரில் ஸ்பைடர்-மேன் ரைடு திறந்தது. பத்து ஆண்டு கழித்து டிஸ்னி மார்வெலையே வாங்கிவிட்டது. ஆனாலும் ஒப்பந்தம் அப்படியே நிற்கிறது. ஃப்ளோரிடா ஆற்றுக்குக் கிழக்கே; ஆகவே டிஸ்னியின் மிகப் பெரிய பார்க் வளாகத்தில் டிஸ்னியின் சொந்த ஸ்பைடர்-மேனுக்கு ரைடு கிடையாது. மேற்கே இருக்கும் கலிபோர்னியாவில் 2021இல் 'அவெஞ்சர்ஸ் கேம்பஸ்' கட்டினார்கள். ஃப்ளோரிடாவில் டிஸ்னி நடத்தும் எப்காட் பார்க்கில் 2022இல் மார்வெலின் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' கோஸ்டர் வர முடிந்ததற்குக் காரணம், அந்த நாயகர் குழுவை யூனிவர்சல் பயன்படுத்தாததுதான். அந்த ரைடின் பெயரில் 'மார்வெல்' என்ற சொல்லைக் காண முடியாது.

யூனிவர்சலுக்கும் கட்டுகள் உண்டு. அங்கே சுவர்களில் இருப்பவை காமிக்ஸ் ஓவிய முகங்கள். படங்களில் நடித்தவர்களின் முகங்கள் அல்ல. ஜப்பானில் இருந்த ஸ்பைடர்-மேன் ரைடு 2024 ஜனவரியில் மூடப்பட்டது. சந்தையில் மலிவாக இருக்கும்போது நீண்ட காலத்துக்கு எழுதி வாங்கியவர் ஜெயிக்கிறார். புகழின் உச்சியில் பேரம் பேசப் போகிறவருக்கு விலையும் அதிகம், காலமும் குறைவு.

சட்டை மாற்றும் ரைடுகள்

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு முதலில் விளங்காத விஷயம் இது. ரைடு என்பது இரண்டு அடுக்கு. அடியில் இருப்பது இயந்திரம்: வண்டி, பாதை, மோட்டார், பிரேக், கட்டுப்பாட்டுக் கணினி. மேலே போர்த்தியிருப்பது கதை: காட்சி அரங்கு, திரை, பொம்மை, ஒலி, மணம். அடி அடுக்கு செலவு மிகுந்தது, நீண்ட நாள் உழைப்பது. மேல் அடுக்கு சட்டை மாதிரி, மாற்றலாம்.

1991இல் ஃப்ளோரிடாவில் திறந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' சிமுலேட்டர் 2007இல் மூடப்பட்டு, அடுத்த ஆண்டே 'சிம்ப்சன்ஸ்' ரைடாகத் திறந்தது. பிரம்மாண்ட வளைவுத் திரையும் அதன் முன்னால் குலுங்கும் வண்டிகளும் பழையவைதான். ஸ்பைடர்-மேன் ரைடின் இயந்திர யோசனை 2011இல் சிங்கப்பூரின் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' ரைடாக வந்தது. கலிபோர்னியாவின் டிஸ்னி பார்க்கில் லிஃப்ட் விழுவதுபோல் ஏறி இறங்கும் 'டவர் ஆஃப் டெரர்' 2017 ஜனவரி 2 அன்று நின்று, மே 27 அன்று கார்டியன்ஸ் ரைடாக வந்தது. ஐந்தே மாதம். லிஃப்ட் அதே, ஏறி இறங்கும் தாளம் மட்டும் ஆறு பாடல்களுக்கு ஏற்ப எழுதப்பட்டது. முதல்முறை ஒரு பாட்டு, மறுமுறை வேறு பாட்டு. மறுபடி ஏற ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

சட்டை மாற்றுவதில் ஒரு விலை உண்டு. பழைய இயந்திரத்தின் குறை புதிய பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். எப்காட்டில் நார்வே நாட்டுக் கூடத்தில் 1988 முதல் 'மேல்ஸ்ட்ராம்' என்ற படகு ரைடு இருந்தது. அமைதியான கூட்டம், அளவான படகுகள். 'ஃப்ரோஸன்' படம் 2013இல் வந்து உலகைப் புரட்டியதும் 2014 அக்டோபரில் அதை மூடி, அதே கால்வாயில் 2016 ஜூன் 21 அன்று ஃப்ரோஸன் ரைடைத் திறந்தார்கள். சீக்கிரம் முடிந்தது. ஆனால் கால்வாயும் படகும் அதே அளவுதானே? கூட்டம் மட்டும் பல மடங்கு. முதல் நாளே மணிக்கணக்கான கியூ. பாத்திரங்களின் முகத்தை உள்ளிருந்து ஒளிபாய்ச்சிக் காட்டும் முறையை அங்கே பயன்படுத்தினார்கள். அசைவு அழகாக வரும். ஆனால் உள்ளே ப்ரொஜெக்டர் அணைந்துவிட்டால் இளவரசிக்கு முகமே இருக்காது.

கியூ ஏன் இவ்வளவு நீளம்? ஒரு சின்னக் கணக்கு

ஒரு ரைடு மணிக்கு எத்தனை பேரை ஏற்றும் என்பது மூன்று எண்களில் இருக்கிறது: வண்டியில் எத்தனை இருக்கை, எத்தனை நொடிக்கு ஒரு வண்டி புறப்படுகிறது, எத்தனை இருக்கை உண்மையில் நிரம்புகிறது.

12 இருக்கை வண்டி 18 நொடிக்கு ஒன்று புறப்பட்டால் மணிக்கு 200 வண்டி, 2,400 பேர். இருக்கைப் பட்டையைச் சரிபார்க்க ஆறு நொடி கூடுதலாகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 நொடிக்கு ஒரு வண்டி. மணிக்கு 150 வண்டி, 1,800 பேர். ஆறு நொடியில் மணிக்கு 600 பேர் காணாமல் போனார்கள். பத்து மணி நேரத்தில் 6,000 பேர். கியூவில் 1,800 பேர் நிற்கிறார்கள் என்றால் 45 நிமிடக் காத்திருப்பு ஒரு மணி நேரம் ஆகிறது. இப்போது கட்டண விரைவு வரிசை ஒன்று இருந்து, அதற்கு 60 சதவீத இடத்தை ஒதுக்கினால் சாதாரண வரிசைக்கு மணிக்கு 720 இடம்தான். அதே 1,800 பேருக்கு இரண்டரை மணி நேரம். பணம் கட்டாதவர் வரிசை நகரவில்லை என்று கோபப்படுவதன் காரணம் இந்தப் பெருக்கல் கணக்குதான்.

சினிமா ரைடுகளில் இந்த ஆறு நொடி அடிக்கடி பறிபோகும். காரணம், கதையைச் சொல்ல வேண்டி வழக்கத்துக்கு மாறான வண்டிகளைச் செய்கிறார்கள். ஹாரி பாட்டரின் 'ஃபர்பிடன் ஜர்னி' ரைடில் நான்கு பேர் அமரும் பெஞ்சு, கார் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வகை ரோபோ கையின் நுனியில் பொருத்தப்பட்டு நகர்கிறது. தோளில் இறங்கும் பட்டை பெரிய உடல்வாகு உள்ளவர்களுக்குப் பொருந்தவில்லை. கியூ முழுவதும் நின்று, கடைசியில் ஏற முடியாமல் திரும்பினார்கள். பிறகு சில இருக்கைகளை மாற்றி அமைத்தார்கள். வாசலிலேயே சோதனை இருக்கை வைத்திருக்கிறார்கள்; சந்தேகம் இருந்தால் வரிசையில் சேரும் முன் அதில் அமர்ந்து பார்த்துவிடுவது நல்லது. பை எதுவும் உள்ளே கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைக்க வேண்டும். உயரம் 122 செ.மீ. இல்லாத குழந்தைக்கு அனுமதி இல்லை. திரையும் ரோபோ கையும் சேர்ந்து சுழற்றுவதால் தலைசுற்றல் உள்ளவர்கள் தவிர்ப்பது நலம்.

இனி, ரைடு ஏன் திடீரென்று நிற்கிறது? பாதை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் ஒரே வண்டிதான் இருக்கலாம் என்பது பாதுகாப்பு விதி. இறங்கும் இடத்தில் ஒருவர் மெதுவாக இறங்கினால் பின்னால் வரும் வண்டி தன் துண்டின் முடிவில் நின்றுவிடும், அதற்குப் பின்னால் உள்ளதும் நிற்கும். இப்படி நிற்பது கோளாறு அல்ல. பாதுகாப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் நின்ற வண்டிகளைத் திரும்ப ஓட்டும்போது திரை, ஒலி, பொம்மை எல்லாமே நேரம் பொருந்த வேண்டும். வெறும் கோஸ்டருக்கு இந்தத் தலைவலி இல்லை.

2019 ஜூன் 13 அன்று ஆர்லாண்டோவின் ஹாரி பாட்டர் பகுதியில் திறந்த, ஹேக்ரிட் என்ற பாத்திரத்தின் பெயர் கொண்ட மோட்டார்பைக் கோஸ்டர் இதற்கு நல்ல பாடம். ஏழு இடங்களில் வேகம் கூட்டும் மோட்டார்கள், நேராகக் கீழே விழும் தண்டவாளத் துண்டு, பின்னோக்கி ஓட்டம். முதல் நாள் கியூ பத்து மணி நேரம். பிறகு பல வாரங்கள் காலையில் திறக்காமல் பராமரிப்பு செய்து நண்பகலில்தான் திறந்தார்கள். இன்று அது அந்தப் பார்க்கின் மிகவும் விரும்பப்படும் ரைடுகளில் ஒன்று. புதிதாகத் திறந்த சினிமா ரைடுக்காக மட்டும் வெளிநாட்டுப் பயணம் போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: முதல் ஆறு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சறுக்கும் இடங்கள்

டிஸ்னியின் 'ஸ்டார் வார்ஸ்: கேலக்ஸிஸ் எட்ஜ்' 2019இல் கலிபோர்னியாவிலும் ஃப்ளோரிடாவிலும் திறந்தது. கலிபோர்னியாவில் மட்டும் 14 ஏக்கர். வேலைப்பாட்டில் குறையே சொல்ல முடியாது. ஆனால் படங்களில் பார்த்த எந்த ஊரையும் கட்டாமல் பார்க்குக்காகவே ஒரு புதுக்கிரகத்தை உருவாக்கி, கதையின் காலத்தைப் புதிய படங்களின் காலத்தில் நிறுத்தினார்கள். இதனால் பெரும்பாலோர் தேடி வந்த, பழைய படங்களின் லூக், டார்த் வேடர் போன்ற பாத்திரங்களுக்குத் தெருவில் இடமில்லை. முக்கியமான பெரிய ரைடும் மாதங்கள் கழித்தே திறந்தது. எதிர்பார்த்த வெள்ளம் வரவில்லை. கலிபோர்னியாவில் காலவரையறையைத் தளர்த்திப் பழைய பாத்திரங்களைக் கொண்டுவருவதாக 2025இல் அறிவித்தார்கள். மக்கள் நினைவில் இருக்கும் இடத்தைத்தான் கட்ட வேண்டும் என்பதற்கு இது விலை கொடுத்துக் கற்ற பாடம்.

அதே படத்தொடரை வைத்து 2022 மார்ச்சில் ஃப்ளோரிடாவில் 100 அறை கொண்ட 'கேலக்டிக் ஸ்டார்க்ரூஸர்' என்ற ஹோட்டலைத் திறந்தார்கள். இரண்டு இரவு, விண்கலத்துக்குள் வாழும் நாடகம். இருவருக்குச் சுமார் 4,800 டாலரில் தொடக்கம். 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். போனவர்கள் பலர் உருகிப் பேசினார்கள். அந்த விலைக்குப் போகக்கூடிய தீவிர ரசிகர்கள் ஒருமுறை போய் முடித்ததும் அடுத்த ஆள் இல்லை.

படம் காலத்தோடு ஒவ்வாமல் போவதும் உண்டு. டிஸ்னியின் 'ஸ்பிளாஷ் மவுன்டன்' நீர்ச்சரிவு ரைடு 1989இல் வந்தது. அதன் அடிப்படை, கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காகக் கடும் விமர்சனம் பெற்ற 1946ஆம் ஆண்டுப் படம். ரைடை நேசித்தவர்கள் ஏராளம், அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் குறைவு. 2020இல் மாற்றத்தை அறிவித்து, 2024இல் அதே சரிவில் டிஸ்னி கார்ட்டூன் படம் ஒன்றின் நாயகியான 'டியானா' இளவரசியின் கதையைப் போர்த்தினார்கள்.

படமே இல்லாத ரைடு இப்போதும் ஜெயிக்குமா? 2006இல் டிஸ்னி அனிமல் கிங்டமில் திறந்த 'எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்' எந்தப் படத்தையும் சார்ந்ததல்ல. அதன் உச்சக் காட்சியில் வரும் 'யெட்டி' என்ற ராட்சதப் பனிமனிதப் பொம்மை திறந்த சில மாதங்களிலேயே அசைவதை நிறுத்திவிட்டது. மலைக்குள் எட்டாத இடத்தில் இருப்பதால் சரிசெய்வது பெரும்பாடு. மினுக்கும் விளக்கை அடித்து அசைவதுபோல் காட்டிச் சமாளிக்கிறார்கள். அப்படியிருந்தும் கூட்டம் குறையவில்லை. நெதர்லாந்தின் எஃப்டெலிங் பார்க் 1952 முதல் நாட்டார் கதைகளையும் தன் சொந்தக் கதைகளையும் வைத்துப் பிழைத்து வருகிறது. ஒவ்வொரு புது இடத்துக்கும் ஒரு படத்தின் பெயரைத் தேடும் இன்றைய பழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. அடுத்த தலைமுறை படமெடுக்கத் தூண்டும் ரைடு, படத்திலிருந்து வராத ரைடாகத்தான் இருக்க முடியும்.

இந்தியப் படங்கள்?

மும்பைக்கும் புனேக்கும் இடையே கோபோலியில் 2013இல் திறந்த இமேஜிகா பார்க்கில், 1987இல் வந்த 'மிஸ்டர் இந்தியா'வை வைத்து ஒரு சிமுலேட்டர் ரைடு உண்டு. ஹைதராபாதின் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் 'பாகுபலி' அரங்கைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அங்கே ஓடும் ரைடைவிட அந்த அரங்கின் முன்னால் நின்று படமெடுப்பவர்கள்தான் பலர். இடத்துக்கு உள்ள இழுப்பு அது.

பெரிய முயற்சி துபாயில் நடந்தது. 2016 நவம்பரில் திறந்த 'பாலிவுட் பார்க்ஸ்' முழுக்க முழுக்க இந்திப் படங்களை வைத்தே கட்டப்பட்டது. 'ஷோலே', 'டான்', 'லகான்' என்று ரைடுகள். 2023 ஏப்ரலில் நிரந்தரமாக மூடப்பட்டது. பக்கத்திலேயே ஹாலிவுட் படங்களை வைத்து நடக்கும் 'மோஷன்கேட்' தொடர்ந்து ஓடுகிறது. கோடை வெயில், பெருந்தொற்று எல்லாம் இரண்டுக்கும் பொதுவானவையே. என் கணிப்பில் வித்தியாசம் கதைகளின் தன்மையில் இருக்கிறது. நம் வெற்றிப் படங்கள் பெரும்பாலும் நடிகரையும் பாடலையும் நம்பி நிற்பவை. ரைடில் அந்த நடிகர் இல்லாவிட்டால் மிஞ்சுவது பெயர்ப்பலகை.

தமிழில் யாராவது இதில் இறங்கினால் கட்டடம் எழுப்பும் முன் கையெழுத்து வாங்க வேண்டியவர்களின் வரிசை நீளமானது. கதை உரிமை தயாரிப்பாளரிடம் இருக்கும். பாடல் பெரும்பாலும் ஆடியோ கம்பெனியிடம் இருக்கும். நடிகரின் முகமும் குரலும் அவரவரிடம். மூன்றும் ஒரே கால அளவுக்கு, ரைடின் ஆயுளான இருபது ஆண்டுக்காவது, எழுத்தில் கிடைக்க வேண்டும். முதலில் காலாவதியாகும் ஒப்பந்தம் எதுவோ, ரைடின் ஆயுளும் அதுவரைக்கும்தான்.